மூச்சிரைப்பும் மருத்துவமனை வரிசையும்: தென்னாப்பிரிக்காவின் தெற்கு டர்பனிலிருந்து ஒரு கேள்வி

கேள்வி – மெரிபேங்க் ஆயா

வணக்கம். ஏழு வயதான என் பேத்தியைச் சென்ற ஜூன் மாதத்தில் மட்டும் மூன்று முறை மூச்சிரைப்போடு அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மூன்றாம் முறை போனபோது, மருந்தைப் புகையாக்கி மூச்சில் கொடுக்கும் நெபுலைசர் கருவிகளில் இரண்டுதான் வேலை செய்தன. ஒரு குழந்தைக்கு முடியும்வரை, அடுத்த குழந்தை தாயின் மடியில் விலா எலும்புகளுக்கிடையே சதை குழியக் குழிய மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. எங்கள் பகுதியில் புகை விட்டுவந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில், 2020 டிசம்பர் வெடிவிபத்துக்குப் பின் ஒன்றும், 2022இல் மற்றொன்றும் நின்றுவிட்டன. அப்படியிருந்தும் கூட்டம் குறையவில்லையே, ஏன்?

பதில் 1 – ஓய்வுபெற்ற செவிலியர், சாட்ஸ்வொர்த்

அம்மா, ஆலைகள் நின்றாலும் துறைமுகத்துக்குப் போய்வரும் டீசல் லாரிகளும் மற்றத் தொழிற்சாலைகளும் நிற்கவில்லை. குளிர்கால இரவுகளில் தரையோரக் குளிர்காற்றின்மேல் வெப்பக்காற்று மூடிபோல் படிந்துவிடுவதால், புகை மேலெழ வழியின்றி வீடுகளைச் சுற்றியே தங்கிவிடுகிறது. 2000ஆம் ஆண்டையொட்டி உங்கள் ஊர் செட்லர்ஸ் தொடக்கப்பள்ளியில் நடந்த ஆய்வில், பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு ஆஸ்துமா இருந்தது தெரியவந்தது.

கடுமையாக இரைக்கும் குழந்தைக்கு முதல் ஒரு மணி நேரத்தில் இருபது நிமிடத்துக்கொரு முறை மருந்துப்புகை பிடிக்க வேண்டும்; அதன்பின் பல மணி நேரம் பக்கத்திலிருந்து கவனிக்கவும் வேண்டும். அத்தனை நேரமும் ஒரு படுக்கையும் ஒரு செவிலியரும் அந்தக் குழந்தைக்கே ஆகிவிடும். புகையிலுள்ள நுண்துகள்கள் இரத்தத்திலும் கலந்து மாரடைப்பையும் பக்கவாதத்தையும் வரவழைப்பதால் பெரியவர்களின் வார்டுகளும் நிரம்புகின்றன. ஆனால் நோயாளியின் கோப்பில் புகை என்று யாரும் எழுதுவதில்லை என்பதுதான் என் நெடுநாள் வருத்தம்.

பேத்திக்கு, இரைப்பு வரும்போது உடனே தணிக்கும் நீலப் பம்ப் (இன்ஹேலர்) மட்டும் கொடுத்திருந்தால், தினமும் இழுக்கும் தடுப்புப் பம்பையும் கேட்டு வாங்குங்கள். பம்பின் மருந்து வீணாகாமல் மூச்சில் போகப் பம்போடு பொருத்தும் குழாயான ஸ்பேசர் கிடைக்காவிட்டால், 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலால் செய்ததும் கடையில் வாங்கியதற்கு ஈடாக உதவுகிறது என்று கேப் டவுன் மருத்துவர்கள் 1999இலேயே காட்டியிருக்கிறார்கள்.

பதில் 2 – எமலாஹ்லேனியில் வேலை பார்ப்பவர்

இங்கு நிலக்கரி மின்நிலையங்களின் புகை. எங்கள் ஊர் இருக்கும் ஹைவெல்ட் மேட்டுநிலப் பகுதியின் மாசுக் காற்று, உடல்நலத்துக்குக் கேடில்லாத சூழலில் வாழ அரசியலமைப்பின் 24ஆம் பிரிவு தரும் உரிமையை மீறுவதாக 2022 மார்ச்சில் பிரிட்டோரியா உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெளிக்காற்று மாசால் 2019இல் 42 இலட்சம் பேர் அகால மரணமடைந்தனர் என்றும், அவர்களில் 89 விழுக்காட்டினர் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. புகை விடுபவர் கட்டாத விலையை இத்தகைய நாடுகளின் அரசு மருத்துவமனைகளே கட்டிவருகின்றன. அந்தப் பணத்தில் எத்தனை நெபுலைசர்களைப் பழுது பார்த்திருக்கலாம்!

மீண்டும் மெரிபேங்க் ஆயா

அட்டையை எடுத்துப் பார்த்தேன், நீலப் பம்ப் மட்டும்தான் எழுதியிருக்கிறது. திங்கட்கிழமை கிளினிக்கில் கேட்கிறேன். பாட்டிலில் துளையை எங்கே போடுவது, அக்கா?

பதில் – ஓய்வுபெற்ற செவிலியர்

அடிப்பாகத்தில், பம்பின் வாய் அளவுக்கே போடுங்கள். இடைவெளி இருந்தால் மருந்து வெளியேறிவிடும். பாட்டிலின் வாயைப் பேத்தி உதட்டால் இறுகக் கவ்வ வேண்டும். முதல் முறை கிளினிக் செவிலியரிடம் காட்டியபின் பயன்படுத்துங்கள்.