ஆடி 18: ஆற்றில் ஏன் காதோலை கருகமணி?

கும்பகோணத்து மருமகள்: கல்யாணமாகி முதல் பதினெட்டாம் பெருக்கு. காதோலை கருகமணி (ஓலைக் காதணியும் கருப்பு மணியும்) வாங்கி வரச் சொல்கிறார் அத்தை. ஆற்றுக்கு எதற்கு அது?

திருவையாறு அக்கா: காவேரியைச் சூல் கொண்ட பெண்ணாகப் பார்க்கிறோம்மா. அதனால்தான் மசக்கைக்காரிக்குச் செய்வது மாதிரியே புளியோதரை, தேங்காய்ச் சாதம் என்று கட்டிக்கொண்டு படித்துறைக்குப் போய், மஞ்சளில் பிள்ளையார் பிடித்து, காதோலை கருகமணியை ஆற்றில் விட்டு, அப்புறம் புது மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வோம்.

ஸ்ரீரங்கவாசி: இங்கே ரங்கநாதரின் உற்சவரான நம்பெருமாளே அம்மா மண்டபம் காவேரிப் படித்துறைக்கு எழுந்தருளி காவேரிக்குச் சீர் கொடுப்பார். பார்க்கக் கண் கோடி வேண்டும்!

மன்னார்குடி விவசாயி: குடகில் பெய்த மழை இங்கே புதுவெள்ளமாக வந்து சேரும் நேரம், விதைப்புக்கான நாள் இது. 1934-இல் மேட்டூர் அணை வந்தபின் மதகு திறந்தால்தான் பெருக்கு. தண்ணீர் வராத வருஷம் அடிபம்பில் கும்பிட்டோம், மனசே ஆறவில்லை.