புதுப்பிப்பு: அம்மாவின் இதய அறுவைச் சிகிச்சைக்குத் தேவன் வழி திறந்த விதம்

சேமிப்பு ஏதுமில்லாத நிலையில் அம்மாவின் இதய வால்வு அறுவைச் சிகிச்சைக்கு என்ன செய்வது, இத்தகைய நேரத்தில் தேவனை எப்படி நம்பிக் காத்திருப்பது என்று கேட்டிருந்தேன். பதிலளித்தவர்களுக்கும் ஜெபித்தவர்களுக்கும் நன்றி. அம்மா நலமாக வீடு திரும்பிவிட்டார்.

கடன், நகை அடகு என்ற யோசனைகளுக்கிடையே, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைச் சுட்டிக்காட்டிய சகோதரியின் ஆலோசனையே பலன் தந்தது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அதில் கிடைக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் பெற்ற வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள பதிவு மையத்திற்குச் சென்றோம். ஒப்புதலுக்குப்பின் தொகை நேரடியாக மருத்துவமனைக்கே சென்றது.

காப்பீட்டை நாடுவது அவிசுவாசம் என்று ஒருவர் எழுதியிருந்தார். என்னால் அதை ஏற்க இயலவில்லை. வேதாகமத்தில் 1 இராஜாக்கள் 17இல் எலியா தீர்க்கதரிசியைப் பஞ்சகாலத்தில் தேவன் போஷித்தது சாறிபாத் ஊர் விதவையின் வீட்டிலிருந்த மாவையும் எண்ணெயையும் கொண்டுதான்.

நாங்கள் எதிர்பாராதது, துணைக்கு இருந்தவர்களின் சாப்பாட்டுக்கும் பேருந்துக்கும் ஆன செலவு. அங்கேதான் யாத்திராகமம் 16ஐ வாசிக்கச் சொன்ன ஐயாவின் வார்த்தை எங்களைத் தாங்கியது. வனாந்தரத்தில் தேவன் உணவாகத் தந்த மன்னாவை அன்றன்றைக்குரிய அளவே சேர்த்த இஸ்ரவேல் ஜனங்களைப்போல, அன்றைய தேவையை மட்டும் கேட்டு ஜெபித்தோம். நாங்கள் எவரிடமும் கேட்காதிருந்தும் சபையார் முறைவைத்து உணவு கொண்டுவந்தார்கள். தொடர் மாத்திரைகளை இப்போது அரசு மருத்துவமனையில் பெற்றுவருகிறோம்.