மறு: டெர்மினேஷன் ரெசிஸ்டருக்கு ஒரு சொல் வேண்டும்

காட்பாடி, தொழிற்பயிற்சி ஆசிரியர்:
திங்கட்கிழமை வகுப்பில் ஒட்ட வேண்டிய அட்டவணை. ஆர்எஸ்-485 என்ற இரண்டு கம்பித் தகவல் கேபிளில் பிஎல்சியும் (இயந்திரத்தை இயக்கும் சிறு கணினி) டிரைவும் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) பேசாமல் போனால் எங்கே தேடுவது என்பது பற்றி. கேபிளின் இரண்டு முனைகளிலும் கம்பிகளுக்கு நடுவே ஒவ்வொரு 120 ஓம் டெர்மினேஷன் ரெசிஸ்டர் இருக்க வேண்டும். முதல் வரி: மின்சாரத்தை நிறுத்திவிட்டு இரண்டு கம்பிகளுக்கும் நடுவே மீட்டர் வையுங்கள். சுமார் 60 ஓம் காட்டினால் சரி. 120 என்றால் ஒரு முனையில் ரெசிஸ்டர் இல்லை. 40 என்றால் நடுவில் யாரோ மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். அந்த ரெசிஸ்டருக்கு ஒரு பெயர் சொல்லுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஆற்காடு, தமிழாசிரியர்:
ஈற்றுத்தடை. நன்னூலில் உயிரீற்றுப் புணரியல், மெய்யீற்றுப் புணரியல் என்று இரண்டு இயல்களே இருக்கின்றன. சொல்லுக்கு ஈறு உண்டென்றால் கம்பிக்கும் இருக்கட்டுமே.

ராணிப்பேட்டை சிப்காட், பராமரிப்பு எலக்ட்ரீஷியன்:
ஐயா, ஈறு என்றால் எங்கள் பசங்களுக்குப் பல்வலிதான் ஞாபகம் வரும். ராத்திரி ஷிஃப்டில் போன் வந்தால் "எண்டுல ரெசிஸ்டர் போடல சார்" என்பார்கள், புரிந்துவிடும். தமிழில்தான் வேண்டுமென்றால் முனைத்தடை என்று வையுங்கள். அதைவிட, டிரைவின் பவர் கேபிளோடு இதையும் ஒரே ட்ரேயில் இழுக்காதே என்று பெரிய எழுத்தில் போடுங்கள். நான் பார்த்த பழுதில் பாதி அங்கேதான்.

காவேரிப்பாக்கம், மொழிபெயர்ப்பாளர்:
கோடித்தடை எப்படி? தெருக்கோடியில் வரும் கோடிதான். நம் பக்கம் ஏரி நிரம்பினால் கோடி போகிறது என்கிறோம். மிஞ்சிய தண்ணீர் அந்த வழியாக வெளியேறிவிடும். கேபிளின் கடைசியிலும் சிக்னல் அலை மோதித் திரும்பி, அடுத்து வரும் பிட்டை (0 அல்லது 1 என்ற தகவல் துளியை) கெடுக்காமல், இந்த 120 ஓம் அதை வாங்கிக்கொள்கிறது.

ஆற்காடு:
அருமை! கோடுதல் என்றால் வளைதல். கோடு ஏரிக்கரைக்கும் பெயர், யானைத் தந்தத்துக்கும் பெயர், மலைச் சிகரத்துக்கும் பெயர். ஆனால் இந்தக் கேபிளில் எது வளைகிறது? தவிர, வாங்கிக்கொள்கிறது என்று நீங்களே சொல்கிறீர்கள், அப்புறம் தடை எங்கிருந்து வந்தது? ஈற்றேற்பி எனலாம்.

ராணிப்பேட்டை:
ஈற்றேற்பியா! வாயில் நுழையவில்லை ஐயா. கோடித்தடையும் வேண்டாம், எவனாவது ஸ்டோரில் போய் ஒரு கோடி ஓம் கேட்பான்.

காட்பாடி:
அச்சகத்தில் காத்திருக்கிறார்கள். முனைத்தடை என்று போட்டு, பக்கத்திலேயே டெர்மினேஷன் என்றும் போட்டுவிட்டேன். யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஆற்காடு:
கோபமில்லை தம்பி. முனை என்றால் கூர்மை; ஈட்டிக்குப் பொருந்தும், ரெசிஸ்டருக்குப் பொருந்தாது. இரண்டாம் பதிப்பு வந்தால் ஈற்றேற்பியை மறுபடி எடுத்துக்கொண்டு வருவேன்.

காவேரிப்பாக்கம்:
நான் கோடித்தடையோடு வருகிறேன்.