நுவரெலியாவுக்கு விண்டர் டயரா? இந்த 7 பாகைக் கதையை முதலில் நிறுத்துங்கள்

நானுஓயா வேன்
முந்தாநாள் ஒருவர் இங்கே எழுதியிருந்தார்: "நுவரெலியாவில் ஜனவரி காலையில் 7 பாகைக்குக் கீழே இறங்குகிறது. அந்தக் குளிரில் சாதாரண டயர் கல்லாகிவிடும். விண்டர் டயர் போடாமல் பிள்ளைகளை ஏற்றுகிறவன் கொலைகாரன்." எழுதியவர் இருப்பது டொரண்டோவில். அதைப் படித்துவிட்டு இன்று காலை மூன்று பெற்றோர் என்னிடம் வந்து என்ன டயர் போட்டிருக்கிறேன் என்று கேட்டார்கள். ஒருவர் குனிந்து தடவியே பார்த்தார்.

22 வருடமாகத் தலவாக்கலையில் இருந்து லிந்துலை, நானுஓயா வழியாக நுவரெலியாவுக்குப் பள்ளி வேன் ஓட்டுகிறேன். ரேஸ்கோர்ஸ் புல்லில் வெள்ளையாக உறைபனி பார்த்திருக்கிறேன். கொழுந்து கருகிப் போனதைப் பார்த்திருக்கிறேன். வேன் கண்ணாடியில் படிந்ததைத் தகடு வைத்துச் சுரண்டியிருக்கிறேன். தார் வீதியில் ஐஸ் ஒரு நாளும் பார்த்ததில்லை. கொலைகாரன் என்ற சொல்லை எழுதியவர் திரும்பப் பெற வேண்டும்.

டொரண்டோ கந்தப்பளை
அண்ணே, எழுதியது நான்தான். திரும்பப் பெற மாட்டேன். ஐஸ் இருக்கிறதா இல்லையா என்று நான் பேசவே இல்லை. நான் பேசியது 7 பாகை. சாதாரண டயரின் ரப்பர் குளிரில் இறுகும். இறுகினால் வீதியைப் பிடிக்காது. விண்டர் டயரின் ரப்பர் கலவை வேறு. குளிரிலும் மெதுமெதுவென்று இருக்கும். வீதியில் படுகிற அதன் ரப்பர் கட்டைகளில் சிறுசிறு கீறல்கள் நிறைய இருக்கும், அவை வீதியைக் கவ்வும். இங்கே கனடாவில், கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை விண்டர் டயர் கட்டாயம். வீதியில் ஐஸ் விழுந்த நாளுக்கு மட்டும் என்று அந்தச் சட்டத்தில் இல்லை. நீங்கள் 22 வருடம் ஓட்டியிருக்கலாம். 7 பாகைக்கு உங்கள் அனுபவம் தெரியாது.

நானுஓயா வேன்
கியூபெக்கில் அந்த மூன்றரை மாதமும் பகலிலும் குளிர். இங்கே காலை 6 மணிக்கு 6 பாகை இருந்தால் மதியம் 20. நான் காலையில் ஒரு தடவை, பிற்பகல் 2 மணிக்கு ஒரு தடவை ஓடுகிறேன். பிற்பகலில் எதைப் போட்டு ஓடுவது? பள்ளிக்கூட வாசலில் நான்கு சக்கரத்தையும் கழற்றி மாட்டவா? அந்த மென்மையான ரப்பர் வெயில் பட்ட தாரில் சீக்கிரம் தேயும். சூட்டில் பிரேக் பிடித்தால் கட்டைகள் நெளியும், நிற்கும் தூரம் கூடும்.

இன்னொன்றையும் கந்தப்பளையில் பிறந்தவருக்கு நான் சொல்ல வேண்டியிருக்கிறது. உறைபனி எந்த இரவில் விழும்? வானம் துடைத்தது மாதிரித் தெளிந்து, காற்றும் அடங்கிய இரவில். அன்று வீதி காய்ந்திருக்கும். மழை பெய்கிற இரவில் மேகம் மூடியிருப்பதால் அவ்வளவு குளிர் இறங்குவது அரிது. உங்கள் 7 பாகை வருகிற நாளில் வீதியில் தண்ணீர் இல்லை. தண்ணீர் இருக்கிற நாளில் 7 பாகை இல்லை. எங்களைச் சறுக்கவைப்பது தண்ணீர்தான்.

வெலிமடைக் கிழங்கு
பனி இல்லை என்று சொல்கிறவர்கள் சீத்தாஎலிய பக்கம் வந்து பார்க்கட்டும். ஒரே இரவில் உருளைக்கிழங்குச் செடி கருகிவிடும். என் தோட்டத்தில் இரண்டு தடவை போயிருக்கிறது. பனி இல்லையாம்!

நானுஓயா வேன்
பனி இல்லை என்று யார் சொன்னார்? மேலே படித்தீர்களா? புல்லில் பார்த்தேன், கொழுந்தில் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறேன். தாரில் இல்லை என்றுதான் சொன்னேன்.

வெலிமடைக் கிழங்கு
பனி பனிதான். செடியில் விழுந்தது வீதியில் விழாமல் எங்கே போகும்?

நானுஓயா வேன்
பகல் முழுக்க வெயில் குடித்த தார் ராத்திரியிலும் புல்லைவிடச் சூடாக இருக்கும். அதற்கு அடியில் மண்ணின் சூடும் இருக்கிறது. புல் மெல்லியது, வாங்கிய சூட்டை உடனே விட்டுவிடும். அதனால்தான் புல்லில் பூக்கிறது, தாரில் பூப்பதில்லை.

தலவாக்கலை டீச்சர்
அண்ணே, எனக்கு ஒரு உதவி. தினமும் நுவரெலியாவுக்குச் சின்னக் கார் ஓட்டுகிறேன், 13 அங்குலச் சக்கரம். போன வாரம் மழையில் ரதல்ல குறுக்கு வீதியில் இறங்கும்போது பிரேக் பிடித்தேன், கார் பின்பக்கமாக இழுத்தது. டயர் போட்டு நாலு வருடம் ஆகிறது. புதிதாக என்ன போடலாம்?

டொரண்டோ கந்தப்பளை
டீச்சர், அதைத்தான் நானும் சொல்கிறேன். ரப்பர் இறுகியிருக்கிறது. 7 பாகை.

நானுஓயா வேன்
மழையில் என்று டீச்சர் எழுதியிருக்கிறாரே. ரதல்லையில் மழை பெய்யும்போது எங்கே ஐயா 7 பாகை? டீச்சர், டயரில் வெட்டியிருக்கிற பள்ளம், அந்தக் காடியின் ஆழத்தை அளந்து பாருங்கள். காடிக்குள்ளேயே சின்ன மேடு இருக்கும், ரப்பர் அந்த அளவுக்குத் தேய்ந்தால் 1.6 மில்லிமீட்டர், கதை முடிந்தது. என்னைக் கேட்டால் மலைவீதியில் 3க்குக் கீழே போனாலே மாற்ற வேண்டும். காடி ஆழமாக இருந்தால்தான் தண்ணீர் வெளியே போகும். ஆழம் இல்லாவிட்டால் டயர் தண்ணீர் மேல் ஏறி மிதக்கும். அப்புறம் அந்த இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வராதீர்கள், இரண்டாம் கியரில் வாருங்கள். 2023 ஜனவரியில் அதே வீதியில் பஸ், வேன், ஆட்டோ மோதி 7 பேர் செத்தார்கள். அன்று ஐஸா விழுந்து கிடந்தது?

டொரண்டோ கந்தப்பளை
செத்தவர்களை உங்கள் வாதத்துக்குள் இழுக்காதீர்கள் அண்ணே. அந்த வேனில் போனவர்களைத் தெரிந்தவர்கள் இங்கே படிக்கிறார்கள்.

நானுஓயா வேன்
கொலைகாரன் என்று முதலில் எழுதியது யார்? அந்த வீதியில் தினமும் போகிறவன் நான். எனக்கு மரியாதை சொல்லித் தர வேண்டாம்.

ஹட்டன் டயர்க்கடை
இருவரும் தெரியாமல் பேசுகிறீர்கள். ஜப்பானில் இருந்து வரும் ரீகண்டிஷன் வண்டிகளில் சில சமயம் ஸ்டட்லெஸ் டயரோடே வருகின்றன. விண்டர் டயர் என்று கனடாக்காரர் சொல்கிற அதே இனம்தான், ஆணி இல்லாதது. எங்கள் கடைக்கு வாரத்துக்கு ஒன்றாவது வரும். அதில் பாதித் தேய்மானத்தைக் காட்டும் மேடு ஒன்று தனியாக இருக்கும். அந்த மேடு வெளியே தெரிந்தால் ஜப்பானிலேயே அதைப் பனிக்கு ஓட்ட மாட்டார்கள். இங்கே அதைப் 'புது டயர் மாதிரி இருக்கிறது' என்று ஓட்டுகிறார்கள். மழையில் அது சாதாரண நல்ல டயரைவிட மோசமாகத்தான் நிற்கும். ஆனால் வேன்காரர் சொல்வதும் முழுசாகச் சரி இல்லை. காலை 5.30க்குப் புறப்படுகிறவனுக்கு டயர் சூடேற நேரம் வேண்டும். முதல் நாலு கிலோமீட்டர் கவனம். 7 பாகையில் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

டொரண்டோ கந்தப்பளை
பார்த்தீர்களா! கடைக்காரரே சொல்கிறார். 7 பாகையில் உண்மை இருக்கிறது.

நானுஓயா வேன்
"கொஞ்சம்" என்று எழுதியதை விட்டுவிட்டுப் படிக்கிறார். 7 என்பது வீதியில் கிழித்த கோடா? 8 பாகையில் நல்ல டயர், 6 பாகையில் கல்லா? கலவைக்குக் கலவை மாறும்.

இந்தக் கடைக்காரர் பேச்சை யாரும் நம்ப வேண்டாம். அவர் வேலை செய்கிற கடையில்தான் இரண்டு வருடத்துக்கு முன் நான் இரண்டு டயர் வாங்கினேன். "புதுச் சரக்கு அண்ணே" என்று அவரே கைப்பட மாட்டிவிட்டார். வீட்டுக்கு வந்து பக்கச்சுவரைப் பார்த்தால் கடைசி நாலு இலக்கம் 2319. 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. வாங்கும்போதே பழசு.

ஹட்டன் டயர்க்கடை
டயர் இறக்குமதியை 2020இல் நிறுத்தியபிறகு நாட்டில் கிடைத்ததைத்தான் விற்றோம். வெயில் படாமல் இருட்டில் நல்லபடி வைத்திருந்த டயர் அது. விலை குறைத்துத்தான் கொடுத்தோம், அதையும் சொல்லுங்கள். 2022 டீசல் வரிசையில் இவர் செய்ததை நான் மறக்கவில்லை. "தம்பி, சாப்பிட்டு வா, உன் இடத்தைப் பிடித்து வைக்கிறேன்" என்றார். திரும்பி வந்தால் என் இடத்தில் இவருடைய மச்சானின் லொறி. எனக்கு இன்னொரு ராத்திரி.

நானுஓயா வேன்
அது என் மச்சான் இல்லை. லொறி தள்ளிக்கொண்டு நுழைந்தது, நான் என்ன செய்வது?

ஹட்டன் டயர்க்கடை
மச்சான்தான்.

பண்டாரவளைக் காற்று
நுவரெலியாவை வைத்துக்கொண்டு மலையகம் முழுக்கத் தீர்ப்பு எழுதுகிறீர்கள். நாங்களும் மலையகம்தான். எங்களுக்கு மழை நவம்பர், டிசம்பர், ஜனவரி; உங்களுக்கு மே முதல் செப்டம்பர். எங்கள் பக்கம் 7 பாகையே பேச்சில் இல்லை. எங்களுக்கு மண்சரிந்து வீதிக்கு வரும் சேறுதான் பிரச்சினை.

நானுஓயா வேன்
சரி தம்பி, நீங்கள் தனியாக ஒரு திரி தொடங்குங்கள். இங்கே பேசுவது 7 பாகை.

டொரண்டோ கந்தப்பளை
நான் போன டிசம்பரில் வந்தபோது கட்டுநாயக்காவில் இருந்து இதே அண்ணனின் வேனில்தான் வந்தேன். கீழே 30 பாகை வெயிலில் காற்றடித்தார். மேலே 10 பாகை. டயரில் காற்று மூன்று, நாலு புள்ளி (psi) இறங்கியிருக்கும். நுவரெலியாவில் ஒரு தடவையாவது அளந்தாரா? இல்லை. இவர்தான் டயரைப் பற்றிப் பாடம் எடுக்கிறார்.

பண்டாரவளைக் காற்று
அதுவும் தவறு. நான் பௌதிகவியல் படித்தவன். குளிரில் மூன்று, நாலு புள்ளி இறங்கும், உண்மை. ஆனால் நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். வெளியே வளிமண்டல அழுத்தம் கிட்டத்தட்ட மூன்று புள்ளி குறைவு. மானி வெளிக்காற்றோடு ஒப்பிட்டுத்தான் காட்டும், அதனால் அதே மூன்று புள்ளி கூடுதலாகக் காட்டும். ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடும். மேலே அளந்திருந்தாலும் ஏறத்தாழ அதே அளவுதான் இருந்திருக்கும்.

டொரண்டோ கந்தப்பளை
அளக்கவில்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு.

நானுஓயா வேன்
அந்தப் பயணத்தில் இவர் ரம்பொடையில் மூன்று இடத்தில் இறங்கிப் படம் எடுத்தார். ஹோட்டலில் சாப்பிட்ட காசும் என் கையில் இருந்து போனது. அதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

திரும்பவும் சொல்கிறேன். நுவரெலியாவுக்குத் தினமும் ஓடுகிறவனுக்கு விண்டர் டயர் தேவை இல்லை. ஈரத்தில் நன்றாகப் பிடிக்கிற சாதாரண டயர், ஆழமான காடி, பழசாகாத ரப்பர், நாலும் ஒரே இனம். தேய்ந்த டயருக்கு மேல் புது ரப்பர் ஒட்டிய ரீபில்ட் டயரை முன்னுக்குப் போடாதே. மரக்கறி லொறி சிந்திய தண்ணீரும் பஸ் சிந்திய டீசலும் கொண்டை ஊசி வளைவில் கிடக்கும், அதைப் பார்த்து ஓட்டு. நீண்ட வெயிலுக்குப் பிறகு வருகிற முதல் மழை எல்லாவற்றையும்விட மோசம், தாரில் ஊறிய எண்ணெய் மேலே வரும். இதில் எங்கே 7 பாகை? சொல்லுங்கள், எங்கே?

டொரண்டோ கந்தப்பளை
மூன்று சிகரமும் நடுவே பனித்துகளும் போட்ட முத்திரை எதற்காக டயரில் அடிக்கிறார்கள்? வேலை இல்லாமலா?

நானுஓயா வேன்
பனி மூடிய வீதியில் சோதித்த டயர் என்பதற்கு அடிக்கிறார்கள். முத்திரைக்கு வைத்த சோதனையே பனியில்தான். மழைத் தண்ணீருக்கு அந்த முத்திரை எதுவும் சொல்லாது.

வெலிமடைக் கிழங்கு
பனி இருக்கிறது என்று இப்போது இவரே ஒத்துக்கொண்டார்.

தலவாக்கலை டீச்சர்
அண்ணே, அளந்து பார்த்தேன். முன்னுக்கு 3 மில்லிமீட்டர், பின்னுக்கு 2. இரண்டு மட்டும் மாற்றினால் போதுமா? புதிதை முன்னுக்குப் போடவா, பின்னுக்கா?

ஹட்டன் டயர்க்கடை
இரண்டு மட்டும் என்றால் பின்னுக்கு, டீச்சர். பின்பக்கம் இழுத்தது என்று எழுதியிருந்தீர்கள். கடைக்கு வாருங்கள், எந்த வாரம் செய்தது என்று உங்கள் கண்ணாலேயே பார்த்து எடுக்கலாம்.

நானுஓயா வேன்
2319ஐ நினைவில் வைத்துக்கொண்டு போங்கள் டீச்சர்.

டொரண்டோ கந்தப்பளை
டீச்சர், எத்தனை மணிக்குப் புறப்படுகிறீர்கள்? காலை 6க்கு முன் என்றால் 7 பாகை.

நானுஓயா வேன்
நாளைக் காலை 5.30க்கு வெப்பமானியைத் தார் மேல் வைத்துப் படம் எடுத்துப் போடுகிறேன். ரேஸ்கோர்ஸ் பக்கத்து வீதியிலேயே வைக்கிறேன், அதைவிடக் குளிரான இடம் டவுனில் இல்லை. 7க்கு மேல் இருந்தால் அந்தச் சொல்லை எடுக்க வேண்டும்.

டொரண்டோ கந்தப்பளை
தாரில் வைக்கக் கூடாது. காற்றில் பிடிக்க வேண்டும். 7 பாகை என்பது காற்றுக்கு.

நானுஓயா வேன்
டயர் காற்றிலா ஓடுகிறது? தாரில்தான் வைப்பேன்.