காமன் கூத்தில் நான் ரதியான கதை

இலங்கை மலையகத்தில் நோர்வூட்டுக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், சிவன் மன்மதனை எரித்த கதையை ஆடும் காமன் கூத்துக்காக மாசி அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் காமன் கம்பம் நட்டுவிட்டால், பௌர்ணமி இரவில் காமன் எரியும்வரை லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீடுகளின் பையன்களுக்கு வேறு பேச்சே இருக்காது. 1998ஆம் ஆண்டு, சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்த 17 வயதில், நானும் கூத்தில் சேர்ந்தேன். பக்தியோ கலையார்வமோ அதற்குக் காரணமல்ல. மேட்டு லயத்திலிருந்து என்னோடு பள்ளிக்கு வந்த பெண்ணொருத்தி, வில்லும் கையுமாக மன்மத வேடத்தில் என்னை ஒருமுறையாவது நிமிர்ந்து பார்க்க வேண்டும் என்பதே என் திட்டமாக இருந்தது.

கூத்து மாஸ்டர் என்னைப் பாடச் சொன்னார். இரண்டு அடி பாடியதும் நிறுத்தி, "ஒனக்கு ரதி தொண்டடா தம்பி" என்றார். எங்கள் பக்கம் ரதியாக ஆடுவதும் ஆண்களே என்பதால் மறுக்க வழியில்லை. மன்மத வேடம் என் உயிர் நண்பனுக்குப் போயிற்று. இருவரும் காப்புக் கட்டி விரதமிருந்தோம். அவன் இடையில் நெத்தலிக் கருவாடு தின்றதை நான் மட்டும் அறிவேன்.

வேடம் கைவிட்ட பிறகு எனக்கிருந்த ஒரே நம்பிக்கை கடிதந்தான். அப்பியாசக் கொப்பியில் நான்கு முறை எழுதிக் கிழித்து, ஐந்தாவதை நண்பனிடம் கொடுத்தேன். அவன் வீடும் மேட்டு லயத்தில் இருந்ததால் அவனை விட்டால் எனக்கு வேறு தூதனில்லை. நாட்கள் நகர்ந்தனவே தவிர, பதில் வரவில்லை. கேட்ட போதெல்லாம் அவன், "பொறுடா, பொம்பளப் புள்ள யோசிக்க வேணாமா?" என்று பெரிய மனிதனைப் போல் சொன்னான்.

கூத்தன்று எனக்குக் கட்டுவதற்கு இரவல் வந்த சேலை அவளுடைய அம்மாவினது. அது போதாதென்று, கொசுவம் எனக்கு நிற்காததால் அவளையே அழைத்து வந்தார்கள். என் இடுப்பில் ஊசி குத்திக்கொண்டே, "அசையாதீங்க அக்கா" என்று சொல்லிச் சிரித்தாளே, அந்த அவமானத்தை அந்த வயதில் ஓர் ஆண் எப்படித் தாங்குவது? ஆனாலும் அவள் அவ்வளவு நெருங்கி நின்றதில் எனக்கு மூச்சே வரவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பனி இறங்கிக்கொண்டிருந்தது. தப்புப் பறைகளை நெருப்பில் காய்ச்சி முறுக்கேற்றி அடித்தார்கள். விடியும் நேரத்தில் சிவன் நெற்றிக்கண்ணைத் திறக்க, மன்மதன் சாய்ந்தான். அவன்மேல் வெள்ளைத் துணியைப் போர்த்தினார்கள். நான் அவன் தலைமாட்டில் விழுந்து புலம்பத் தொடங்கியபோது, துணிக்குள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது.

"மச்சான், கோவிச்சுக்காதடா. கடுதாசிய நான் குடுக்கல. உடுப்புக்குள்ளதான் இருக்கு."

"ஏன்டா?"

"அவ மொகத்தப் பாத்தா எனக்கும் பேச்சு வரலடா."

அவனை அடிக்க வேண்டும் போலிருந்தது; செத்துக் கிடப்பவனை அடிக்கும் ரதியை எந்தத் தோட்டத்துச் சனமும் ஏற்றுக்கொள்ளாது. சிரிப்பும் வந்தது. அத்தோடு, இன்னும் சற்று நேரத்தில் அவன் முதல் பஸ்ஸில் ஹட்டனுக்குப் போய், அங்கிருந்து கொழும்புக்குக் கடை வேலைக்கு ரயிலேறப் போகிறான் என்பது அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதேன். கொழுந்தெடுக்கும் பெண்கள் எல்லோரும் கூடவே அழுதார்கள். மாஸ்டர் பாட்டை மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். மன்மதனை உயிர்ப்பித்து எழுப்பியபோது, அவன் கண்களிலும் மை கரைந்திருந்தது.

காதுக்குப் பின்னால் அரிதாரம் ஒட்டியிருக்க, அவன் பெட்டியோடு பஸ்ஸில் ஏறினான். கடிதத்தைத் திருப்பிக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

அவளோ, திருமணமாகிப் போகும்வரை என்னை "ரதி அக்கா" என்றே கூப்பிட்டாள். என் அழுகையைப் போல் யாரும் அழுததில்லை என்று அவள் அம்மா சொன்னதாக ஒருமுறை நின்று சொன்னாள். அவள் என்னை நிமிர்ந்து பார்த்துப் பேசியது அப்போதுதான்.

சித்திரைக்குப் பிறகு தோட்டத்துக்கு வந்த தபாலில் எனக்கொரு உறை இருந்தது. உள்ளே என் கடிதம், வியர்வையில் மை பரவி, மடிப்பில் கிழிந்து கிடந்தது. அடியில் நண்பனின் கையெழுத்தில் ஒரு வரி: "மூணு எழுத்துப் பிழ இருந்திச்சு, திருத்திட்டேன்." அவன் திருத்திய மூன்றில் இரண்டு, நான் சரியாக எழுதியிருந்தவை.