எழுத்து (கலியாணப் பதிவு) மட்டும் முடிஞ்சிருக்கு: அமெரிக்க வரிப் படிவத்தில அவர் சிங்கிள் எண்டு போடலாமா?

விசுவமடு ரீச்சர்:
வணக்கம். நான் விசுவமடுவில படிப்பிக்கிறன். என்னைக் கட்டப்போறவர் 2023 ஆவணியில ஜே-1 விசாவில (பரிமாற்ற மாணவர் விசா) அமெரிக்காவுக்கு பிஎச்டி செய்யப் போனவர். போன கார்த்திகை லீவில வந்து நிக்கேக்க கிளிநொச்சியில எழுத்து முடிச்சனாங்கள். அவற்ற அம்மப்பாவின்ர ஆண்டுத் திவசம் முடியாமல் தாலி கட்டக்கூடாது எண்டு மாமி சொன்னதால, கலியாணம் வாற ஆவணிக்குத்தான்.

இப்ப 2025க்கான வரிப் படிவம் நிரப்பவேணும். தாலி கட்டேல்லைத்தானே, சிங்கிள் எண்டு போடு எண்டு அவரோட இருக்கிற பெடியள் சொல்லினம். இன்னொருத்தர், ரெண்டு பேரையும் சேர்த்துப் போட்டால் வரி குறையுமாம் எண்டுறார். பிறகு நான் ஜே-2வில (ஜே-1காரரின்ர குடும்பத்துக்கான விசா) போகவேணும். இப்ப பிழையா எழுதி, அது என்ர விசாவுக்குக் குறுக்க வருமோ எண்டு பயமாக் கிடக்கு. என்ர சம்பளத்தையும் காட்டவேணுமா?

வவுனியா ராசன்:
சிங்கிள் எண்டே போடச் சொல்லுங்கோ தங்கச்சி. நீங்கள் இஞ்ச, அவர் அங்க. ஆர் பாக்கப்போகினம்?

அறிவியல்நகர் அண்ணா:
ராசன், தயவுசெய்து அப்பிடிச் சொல்லாதேங்கோ. தங்கச்சி, நானும் ஜே-1இல படிச்சிட்டு வந்தனான், வருசா வருசம் இதை நானே நிரப்பினனான். டிசம்பர் 31 அண்டு சட்டப்படி பதிவாகியிருந்தால் முழு வருசத்துக்கும் கலியாணமானவர்தான். தாலியும் கூறையும் எங்கட சனத்துக்கு. ஐஆர்எஸ் (அமெரிக்க வரித் திணைக்களம்) பாக்கிறது பதிவை.

ஜே-1 மாணவர் முதல் 5 நாட்காட்டி ஆண்டுக்கு வரிக்கணக்கில வதிவிடமில்லாதவர். 2023இல போனவருக்கு அது 2027 முடியுமட்டும். அதால படிவம் 1040-என்ஆர் (வதிவிடமில்லாதவற்ற வருமான வரிப் படிவம்). அதில "மணமானவர், தனியாகத் தாக்கல்" எண்ட பெட்டி. சேர்த்துப் போடுறதெண்டால் ரெண்டு பேரில ஒராளாவது வருசக் கடைசியில அந்த நாட்டுப் பிரசையா, இல்லாட்டி வரிக்கணக்கில வதிவிடக்காரரா இருக்கவேணும். உங்களில ஒருத்தரும் இல்லை. உங்கட ரீச்சர் சம்பளத்தை அவங்கள் தொடமாட்டாங்கள், காட்டத் தேவையில்லை.

பெடியள் யோசிக்காதது ஒண்டு: மாணவற்ற வருமானத்துக்கு சிங்கிளுக்கும் "மணமானவர், தனியாகத் தாக்கல்" எண்டதுக்கும் வரி வீதம் ஒண்டுதான். ஒரு சதமும் மிஞ்சாது. ஆனா நீங்கள் ஜே-2வுக்குக் குடுக்கிற விவாகச் சான்றிதழில கார்த்திகைத் திகதி இருக்கும், அவற்ற படிவத்தில சிங்கிள் எண்டு இருக்கும். ஏன் அந்த வில்லங்கம்?

கூட இருக்கிறவை இந்தியப் பெடியளெண்டால் இன்னொண்டையும் கவனிக்கச் சொல்லுங்கோ. அவைக்கு ஸ்டாண்டர்ட் டிடக்சன் (வரி போட முதல் வருமானத்தில கழிக்கிற ஒரு நிலையான தொகை) கிடைக்கிறது இந்தியாவின்ர வரி ஒப்பந்தத்தால. எங்களுக்கு அந்தக் கழிவு இல்லை. அவையின்ரயைப் பாத்து எழுதினால் பிறகு வட்டியோட கட்டவேணும். மாநிலத்துக்குக் கட்டின வருமான வரியை அவர் கழிக்கலாம்.

விசுவமடு ரீச்சர்:
பெரிய உதவி அண்ணா. 2024க்கு சிங்கிள் எண்டு போட்டவர், அதையும் திருத்தவேணுமா? 8843 எண்டும் ஒரு படிவம் சொன்னவர்.

அறிவியல்நகர் அண்ணா:
2024 சரிதான், அப்ப எழுத்து நடக்கேல்லையே. 8843 எண்டது, அங்க நிண்ட நாளுகள் வதிவிடக் கணக்கில சேராது எண்டு காட்டுற படிவம். அது அவருக்கு வேணும், 1040-என்ஆரோட சேர்த்து ஏப்ரல் 15க்குள்ள. நீங்கள் 2025இல அங்க நிக்கேல்லை, அதால உங்களுக்கு இப்ப இல்லை. போற வருசத்தில இருந்து, ஒரு டொலர் உழைக்காட்டிலும், உங்கட பேரில தனியா ஒரு 8843 நிரப்பி அடுத்த ஜூன் 15க்குள்ள டெக்சாஸ் ஒஸ்ரினுக்குத் தபாலில அனுப்பவேணும். ஜே-2வில வேலை அனுமதி எடுத்து வேலை செய்தால், சமூகப் பாதுகாப்புக்கும் (ஓய்வூதிய வரி) மெடிகெயருக்கும் (முதியோர் மருத்துவக் காப்புறுதி வரி) 7.65 வீதம் உங்களிட்ட வெட்டுவினம். அவரிட்ட வெட்டமாட்டினம். சம்பளச் சிட்டையில வித்தியாசத்தைக் கண்டு பயப்பிடாதேங்கோ, ரெண்டும் சரிதான்.