இண்டிகேட்டர் பாக்டீரியாவுக்கு ஒரு சொல்: ‘மலச்சுட்டி’ வேண்டாம், ‘குடல்தடயம்’ ஆகட்டும்

அனைவருக்கும் வணக்கம்.

ஆங்கிலக் கலைச்சொற்களுக்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையை ஒரு வாரமாகப் படித்துக்கொண்டுதான் இருந்தேன். குன்னூரில் விடாத மழை, மின்சாரம் வந்து வந்து போனது. அதனால் பதில் எழுதத் தாமதம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஃபீக்கல் இண்டிகேட்டர் பாக்டீரியா என்றால், தண்ணீரில் மலம், சாணம் போன்றவை கலந்திருக்கிறதா என்று அறிவதற்காகத் தேடும் பாக்டீரியா. அதற்கு இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன: மலச்சுட்டி, மலங்காட்டி, கழிவுக்குறி, அறிகுறிக் கிருமி. பெரும்பாலோர் மலச்சுட்டியின் பக்கம் சாய்ந்திருக்கிறீர்கள். அது முடிவாகிவிடும் முன் என் மறுப்பைச் சொல்லிவிடுகிறேன்.

> மலம் என்று எழுதக் கூச்சப்பட்டால் சுகாதாரம் எழுதவே முடியாது. மலச்சிக்கல், மலக்குடல் என்று எழுதவில்லையா?

ஐயா சொல்வதை முழுக்க ஒப்புக்கொள்கிறேன். நன்னூல் இடக்கரடக்கலை, அதாவது கூச்சமான சொல்லை மறைத்துச் சொல்வதை, தகுதி வழக்கில் சேர்த்தது அவையில் பேசுவதற்காக. தண்ணீர் பரிசோதனை அறிக்கையில் அதற்கு இடமில்லை. ‘கழிவுக்குறி’யை நான் ஏற்காததும் அதனால்தான். சாயப்பட்டறைக் கழிவும் கழிவு, காய்கறிச் சந்தைக் கழிவும் கழிவு. மூடி மறைக்கப்போய்ப் பொருளே கைவிட்டுப் போகிறது.

ஆக, எனக்குக் கூச்சம் இல்லை. தமிழில் மலம் என்றால் அது மனிதருடையது. என் மறுப்பு அங்கேதான் தொடங்குகிறது. மாடு போடுவது சாணம். குதிரையும் யானையும் போடுவது லத்தி. ஆட்டுக்கும் மானுக்கும் முயலுக்கும் புழுக்கை. பறவைக்கு எச்சம். ‘மாட்டு மலம்’ என்று நம் ஊரில் யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? ஃபீக்கல் என்கிற அடைமொழி இவை அத்தனையையும் ஒரே கூடையில் அள்ளிக்கொள்கிறது. நம் மலம் அப்படி அள்ளாது. ஃபீக்கல் என்று வரும் இடத்திலெல்லாம் மலம் என்று போட்டால், பரிசோதனை சொல்லாத ஒன்றை நம் சொல் சொல்லிவிடும்.

இந்தப் பாக்டீரியாக்களில் முக்கியமானது ஈ.கோலை. 1885இல் தியோடர் எஷெரிக் அதைக் கண்டது குழந்தைகளின் மலத்தில்தான். ஆனால் அது வெப்ப இரத்தப் பிராணிகள் எல்லாவற்றின் குடலிலும் வாழ்கிறது. ஆய்வகத்தில் அதை வளர்க்கும் ஈஎம்பி என்ற ஊட்டக்கூழ்த் தட்டைத் திறந்து பார்த்தால், வண்டின் முதுகைப் போலப் பச்சை மினுமினுப்போடு புள்ளி புள்ளியாக உட்கார்ந்திருக்கும். அந்தப் புள்ளி மனிதக் குடலிலிருந்து வந்தாலும் அதே பச்சை, காட்டெருமைக் குடலிலிருந்து வந்தாலும் அதே பச்சை.

இது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை என்று எனக்குப் புரிந்தது ஒரு சண்டையால். கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டி, அதாவது படுகர் ஊர். குடிப்பதற்கு ஊற்றுத் தண்ணீர், கல் தொட்டியில் தேங்கும். நாங்கள் சிலர் ஹைட்ரஜன் சல்பைடு குப்பியோடு போனோம். இந்தியாவில் மஞ்சாவும் உடன் ஆய்வாளர்களும் 1982இல் வெளியிட்ட எளிய முறை அது, குடல் பாக்டீரியா இருந்தால் தண்ணீர் கறுத்துக் காட்டும். மருந்தில் தோய்த்து உலர்த்திய தாள் குப்பிக்குள் மடிந்து கிடக்கும். கோடு வரை தண்ணீர் ஊற்றி, மூடி, வெதுவெதுப்பான இடத்தில் வைக்க வேண்டும். சமவெளியில் அலமாரியில் வைத்தாலே போதும். இங்கே தை மாதத்தில் அப்படி வைத்தால் குப்பி தூங்கிவிடும். வெந்நீர்ப் போத்தல் ஒன்றோடு சேர்த்துக் கம்பளியில் சுற்றி, மூடிய பெட்டிக்குள் வைத்து, இரவில் இரண்டு முறை எழுந்து வெந்நீர் மாற்றினோம்.

முதலில் தண்ணீர் கருப்பட்டி கரைத்தது போல இருந்தது. அப்புறம் தாளின் ஓரத்தில் பொட்டு வைத்தது போல ஒரு கறுப்பு. அது மெல்ல இறங்கிப் பரவி, விடிவதற்குள் குப்பி மைக்கூடாகிவிட்டது.

தொட்டிக்கு மேலே நான்தான் அட்டை எழுதி மாட்டினேன்: ‘இந்த நீரில் மலக் கிருமி உள்ளது. காய்ச்சிக் குடிக்கவும்.’ படித்தவர்கள் எல்லாரும் சரிவில் மேலே நிமிர்ந்து பார்த்தார்கள். அங்கே ஒரு புது வீடு, அதன் பக்கத்தில் செப்டிக் டேங்க். பேச்சு வளர்ந்து, அந்த வீட்டாரும் ஊராரும் மாதக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஊற்றுக்கு மேலே இரண்டு மாட்டுக் கொட்டகைகளும் இருந்தன, காட்டெருமைக் கூட்டம் இறங்கி வரும் தடமும் இருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. என் அட்டை பார்க்க விடவில்லை. அந்த ஊர் மூதாட்டி ஒருவர் என்னிடம், “தம்பி, மலம்னு எழுதிட்டீங்க. சாணியா இருக்கலாம்னு ஒரு வார்த்தை சேர்த்திருந்தா இவ்வளவு ஆகியிருக்காதே” என்றார். அவர் பேச்சில் கோபமே இல்லை. அதனாலேயே இன்றுவரை உறுத்துகிறது.

அந்தக் குப்பி ஈ.கோலையைக்கூடத் தேடுவதில்லை. குடலில் வாழ்கிற, ஹைட்ரஜன் சல்பைடு வெளியிடுகிற பலவகை பாக்டீரியாக்களுக்கு அது கறுக்கும். தண்ணீரில் இயல்பாகவே சல்பைடு இருந்தாலும் கறுக்கும். இவ்வளவு தெரிந்தும் ‘மலக் கிருமி’ என்று எழுதியது என் தவறு. பிறகு ஊற்றைச் சுற்றிக் கல் கட்டி, மேலிருந்து வழியும் நீருக்குத் தனி வாய்க்கால் வெட்டினார்கள்.

அதனால் நான் கேட்பது ‘குடல்’. இந்த உயிரிகளுக்கு எல்லாம் பொதுவான இடம் குடல்தான். தண்ணீரில் தேடும் இன்னொரு வகை பாக்டீரியாவான என்டரோகாக்கையின் பெயரிலும் முன்னால் நிற்பது குடல்தான். மனிதர், மாடு, குதிரை, கடற்புறா யாரையும் அது குற்றம் சாட்டுவதில்லை, யாரையும் விட்டுவிடுவதும் இல்லை.

அடுத்தது சுட்டியா, காட்டியா, தடயமா. சுட்டி என்றால் இன்று கணினி எலி, இணைப்பு, சுட்டிக் குழந்தை என்று மூன்று பொருள் ஏற்கெனவே இருக்கிறது. காட்டிக்கு நல்ல மரபு உண்டு: வழிகாட்டி, வேதியியலில் நிறங்காட்டி. ஆனால் நிறங்காட்டி காட்டுவது உறுதியானது. அமிலத்தில் ஒரு நிறம், காரத்தில் ஒரு நிறம், அவ்வளவுதான். நம் பாக்டீரியா அப்படியில்லை. இன்னொன்றும் உண்டு: கூடலூர்ப் பக்கம் மலையாளம் பேசுவோருக்குக் காட்டி என்றாலே காட்டெருமை. ‘குடல்காட்டி’ என்று நோட்டீஸ் ஒட்டினால் அங்கே வேறு கதை ஆகிவிடும்.

‘கிருமி’ வேண்டாம் என்பதில் கோவை ஆய்வக அக்கா சொன்ன காரணமே எனக்கும். ஈ.கோலையின் பெரும்பாலான வகைகள் நமக்குத் தீங்கு செய்வதில்லை. அது வந்த வழியில் காலராவும் டைபாய்டும் மஞ்சள்காமாலை வைரஸும் வந்திருக்கலாம் என்பதுதான் செய்தி. அவை ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தேடுவது செலவு, நாளும் ஆகும். அதனால்தான் எளிதில் வளர்கிற ஒன்றைத் தேடுகிறோம்.

மண்ணில் பதிந்த காலடியைப் பார்த்து ‘ஆள் வந்து போயிருக்கிறான்’ என்கிறோம் இல்லையா, அது தடயம். காலடி திருடுவதில்லை. காலடி எப்போதும் திருடனுடையதாக இருப்பதும் இல்லை. தடயத்துக்கு விசாரணை வேண்டும் என்பது சொல்லிலேயே இருக்கிறது. தடயவியல் என்று காவல்துறைச் செய்திகளில் படித்துப் படித்து எல்லாருக்கும் பழகிய சொல்லும்கூட. வெதுவெதுப்பான மண்ணில் ஈ.கோலை குடலே இல்லாமல் கொஞ்ச காலம் பிழைத்துக்கிடக்கும். ஈ.கோலையும் அதன் உறவுகளும் சேர்ந்த கூட்டத்துக்குக் கோலிஃபார்ம் என்று பெயர். 44.5 டிகிரி செல்சியஸில் வளர்வதை வைத்து ஃபீக்கல் கோலிஃபார்ம் என்று எண்ணுகிறார்கள், அதில் மலத்திலிருந்து வராத கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியாவும் சேர்ந்துகொள்ளும். வெப்பம் தாங்கும் கோலிஃபார்ம் என்று சொல்வதே சரி என்று நுண்ணுயிரியலாளர்கள் பெயரை மாற்றிக்கொண்டார்கள். ஆங்கிலத்தில் கழற்றிய தவறை நாம் புதிதாக மாட்டிக்கொள்ள வேண்டாம்.

புணர்ச்சி பற்றி ஐயா கேட்பார் என்று தெரியும். குடல் + தடயம், இலக்கணப்படி குடற்றடயம். ‘குடல் அற்ற தடயம்’ என்று கண் பிரித்துவிடும் ஆபத்து இருக்கிறது. ‘குடல்தடயம்’ என்று லகரத்தைத் திரிக்காமலே எழுதலாம் என்பது என் கருத்து. ‘கடற்கரை’யை விட முடியாது, அது ஆயிரம் ஆண்டு பழகியது. புதுச் சொல்லுக்குக் கொஞ்சம் இடம் கொடுக்கலாம்.

இனி, மலம் என்ற சொல்லை நான் தூக்கி எறியவில்லை. அதை மூலம் அறியும் பரிசோதனைக்கு வைத்துக்கொள்ளலாம் என்கிறேன். மைக்ரோபியல் சோர்ஸ் டிராக்கிங் என்பதற்குச் சொல் வேண்டும் என்று போன மாதமே ஒருவர் கேட்டிருந்தார். அது, தண்ணீரில் இருப்பது யாருடைய குடலிலிருந்து வந்தது என்று மரபணுவை வைத்துத் தேடுவது. மனிதக் குடலில் வாழும் பாக்டீராய்டிஸ் பாக்டீரியாவின் ஒரு மரபணுத் துண்டுக்கு ஹெச்எஃப்183 என்று பெயர், 2000இல் அறியப்பட்டது. பாக்டீராய்டிஸ் ஆக்சிஜனைத் தாங்காது, வெளியில் வந்து பெருகாது. அதனால் அது கிடைத்தால் மனிதக் கழிவு அண்மையில் கலந்திருக்கிறது என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். மாட்டுக்கும் குதிரைக்கும் பறவைக்கும் வேறு வேறு மரபணுத் துண்டுகள் உண்டு.

இங்கேதான் தமிழ் நமக்குக் கை கொடுக்கிறது. மனிதருடையதற்கு மலத்தடயம். மாட்டுக்குச் சாணத்தடயம். குதிரைக்கு லத்தித்தடயம். பறவைக்கு எச்சத்தடயம். நான்கையும் நான் உருவாக்கவே இல்லை, பாதி ஏற்கெனவே வீட்டில் இருந்தது. பொதுச்சொல் குடல்தடயம், பிரித்தறிந்த பின் இந்த நான்கு. பரிசோதனைக்கு ‘குடல்மூலம் அறிதல்’ என்று இப்போதைக்கு வைத்திருக்கிறேன். மூலம் என்றதும் மூலநோய் நினைவுக்கு வரும், அதுவும் குடலுக்குப் பக்கத்திலேயே. இதற்கு மட்டும் யாராவது நல்லதாக ஒன்று சொல்லுங்கள்.

ஊட்டி ஏரியை நினைத்துப் பாருங்கள். கோடப்பமந்து கால்வாய் நகரத்தின் நடுவே ஓடி அதில் சேர்கிறது. கரையில் குதிரைச் சவாரி. தெருவில் மாடுகள். மழை பெய்தால் கேரட், பீட்ரூட் பாத்திகளுக்கு இட்ட எருவும் சரிவில் இறங்கி வரும். அங்கே ஒரு குவளை மொண்டு ‘மலச்சுட்டி அதிகம்’ என்று சொன்னால் யாருக்கு என்ன வேலை கொடுப்பது? மலத்தடயம் என்றால் கழிவுநீர்க் குழாயைப் பார்க்க வேண்டும், லத்தித்தடயம் என்றால் கரையைப் பார்க்க வேண்டும்.

> மலைக்குச் சரி. எங்கள் கடற்கரைக்கு இந்தச் சொல் ஒத்துவருமா?

தூத்துக்குடி நண்பருக்கு: வரும். குன்னூர் ஆறு மேட்டுப்பாளையத்தில் பவானியோடு சேர்கிறது, பவானி காவிரியோடு, காவிரி வங்கக் கடலோடு. கடலில் உப்பும் வெயிலும் சேர்ந்து ஈ.கோலையைச் சீக்கிரம் கொன்றுவிடும். குடல் என்டரோகாக்கை அதைவிடத் தாக்குப்பிடிக்கும். அதனால்தான் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 1986இலேயே கடல்நீருக்கு என்டரோகாக்கையை அளவுகோலாக்கியது, ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஆணையில் இரண்டையும் வைத்தது. உயிரி மாறினாலும் குடல்தடயம் என்ற சொல் மாற வேண்டியதில்லை. கடற்புறாக்கள் கூடும் கரையில் எண்ணிக்கை ஏறினால் எச்சத்தடயம் பார்க்கலாம். அங்கேயும் ‘மலம்’ என்று எழுதியிருந்தால் பக்கத்து மீனவர் குப்பத்தின் மேல்தான் முதல் விரல் நீளும்.

மற்றவற்றுக்குச் சுருக்கமாக. எம்பிஎன், அதாவது பாக்டீரியா எவ்வளவு இருக்கலாம் என்று கணக்கிட்டு மதிப்பிடும் எண், என்பதற்கு வந்த ‘மிகுவாய்ப்பு எண்’ எனக்குப் பிடித்திருக்கிறது, எண்ணிப் பார்த்ததல்ல என்பது தெரிகிறது. சீவேஜுக்குக் கழிவுநீர் நிலைத்துவிட்டது, தொட வேண்டாம். குடிநீர்த் தர விதி ஐஎஸ் 10500இல் வருவதை ‘100 மி.லி. நீரில் குடல்தடயம் அறவே இருக்கக் கூடாது’ என்று எழுதிப் பார்த்தேன், தடங்கல் இல்லாமல் வருகிறது. குளிக்கும் நீருக்கான வரம்புகளையும் அப்படியே எழுதலாம்.

அந்த ஹட்டிக்குப் புது அட்டை எழுதியிருக்கிறேன்: ‘இந்த நீரில் குடல்தடயம் உள்ளது. மனிதருடையதாகவோ மாடு, காட்டெருமையுடையதாகவோ இருக்கலாம். எதுவானாலும் காய்ச்சிக் குடியுங்கள்.’ வியாழக்கிழமை அச்சுக்குக் கொடுக்கிறேன். இரண்டாவது வரி நீளம் என்று தோன்றுகிறது, ஆனால் அதைக் குறைக்க மனம் வரவில்லை. முதல் முறை படிப்பவருக்குக் ‘குடல்தடயம்’ புரியுமா என்பதை மட்டும் உங்கள் வீட்டில் யாரிடமாவது கேட்டுப் புதன் இரவுக்குள் எழுதுங்கள்.

அன்புடன்,
குன்னூரிலிருந்து